எழுத்துப் பிழையை மன்னிக்கும் கட்டளை

"மேடம், உங்க கம்ப்யூட்டர்ல என் பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. சாயங்காலம் நாலே முக்கால். நான் கைப்பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. ஒரு கால் கதவுக்கு வெளியே. அப்போதுதான் பாப்பாத்தி அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இப்படிக் கேட்டார்.

அன்றைக்கு என்னுடைய நாள் எப்படி? இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பதிவு கவுண்டர் பிரிண்டர் மூன்று தடவை காகிதத்தைத் தின்றது. இரண்டாவது மாடி டாக்டர் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, அதை நான்தான் ஒளித்து வைத்த மாதிரி பேசினார். முதுகு வலி. வீடு இருக்கிற பாயான் பாருவுக்குப் போகிற பாதையில் தொழிற்சாலை விடுகிற நேரத்து நெரிசல் இனிமேல்தான் காத்திருக்கிறது.

பாப்பாத்தி அக்கா எங்கள் மாடியைச் சுத்தம் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறோம். சிரிப்போம். "சாப்பிட்டாச்சா?" என்போம். அவ்வளவுதான். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"எந்தப் பேரு அக்கா? ஆஸ்பத்திரி ரெக்கார்டா?"

"இல்ல மேடம். தோட்டத்து ஸ்கூல் ரெஜிஸ்டர். மாணிக்கம் சார்கிட்ட கேட்டேன். உங்ககிட்ட குடுத்தாச்சுன்னு சொன்னாரு."

என் கால் கதவுக்கு உள்ளே வந்தது.

உண்மைதான். நாலு டிஸ்கெட். மேசையின் கடைசி இழுப்பறையில் பதினோரு மாதமாகக் கிடக்கிறது.

விஷயம் இது. கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் ஒரு தோட்டம் இருந்தது. விற்றுவிட்டார்கள், இப்போது அங்கே தாமான், அதாவது வரிசை வரிசையாகக் குடியிருப்பு வீடுகள். தோட்டத்தோடு தமிழ்ப் பள்ளியும் போயிற்று. பழைய மாணவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான மாணிக்கம் அதற்குச் செயலாளர். பள்ளியின் பழைய ரெஜிஸ்டர் புத்தகங்களைக் கரையான் தின்னத் தொடங்கியதும், நாலு பேரை உட்காரவைத்து அதையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் டைப் பண்ணச் சொன்னார். அவர்கள் டைப் பண்ணிக்கொண்டே வர, கரையான் பின்னாலேயே வந்தது. கடைசியில் மிச்சம் இருந்த தூளைக் கொளுத்திவிட்டார்கள். மிஞ்சியது டிஸ்கெட் மட்டும்.

"நீங்க கம்ப்யூட்டர் ஆளு. இத ஒழுங்குபடுத்திக் குடுங்க லா" என்று மாணிக்கம் என் கையில் திணித்தார். நானும் சரி என்றேன். சரி என்று சொல்வதற்கு எனக்குத் தெம்பு எப்போதும் இருக்கும். செய்வதற்குத்தான்…

"எதுக்கு அக்கா இப்ப?"

அவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு. உங்கள் கையில், என் கையில் இருப்பதெல்லாம் நீல ஐ.சி. சிவப்பு என்றால்—இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை.

"எங்கே பொறந்தீங்க?"

"அந்தத் தோட்டத்துலதான். வேற எங்க?"

தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பா டவுனுக்குப் போய்ப் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை. ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. இரண்டு தடவை மனுப் போட்டு, இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. இப்போது மகள் சிங்கப்பூரில் கல்யாணமாகி, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். சிவப்பு அட்டைக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

"பிள்ளைப்பேறுக்கு அம்மா பக்கத்துல இருக்க வேணாமா மேடம்? கவுண்டர்ல கேட்டேன். சின்ன வயசுல இங்கதான் இருந்தேன்னு காட்ட ஏதாச்சும் பழைய பேப்பரு கொண்டாங்கன்னு சொல்றாங்க. எங்கிட்ட என்ன பேப்பரு இருக்கு? மூணாவது வரைக்கும் படிச்சேன். அந்த ரெஜிஸ்டர்ல பேரு இருந்தா போதும்."

பதினோரு மாதம் இழுப்பறையில் தூங்கியது ஒரு மனுஷியின் பேப்பர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நாளைக்குப் பாக்குறேன் அக்கா" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே.

எங்கள் ஸ்டோர் மூலையில் ஒரு பழைய 486 இருக்கிறது. மேலதிகாரி "தூக்கிப் போடு" என்று சொன்ன மிஷின். அதில் நான் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். பாயான் பாரு தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிற சிநேகிதி கொடுத்த சிடி. படம் கிடையாது. சொடுக்குவதற்கு ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. என்ன வேண்டும் என்று நாம்தான் டைப் பண்ண வேண்டும். "இந்தக் காலத்துல இப்படி ஒண்ணா?" என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிக் கருவிகள் உள்ளே கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். ஒன்று வரிசைப்படுத்தும். ஒன்று ஒரே மாதிரி வரிகளை எண்ணும். ஒன்று எழுத்தை மாற்றும். பாதிக் கருவிகளின் பெயர்கூட அதைத் தினமும் உபயோகிக்கிறவர்களுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நாலு டிஸ்கெட்டையும் ஒன்றாகச் சேர்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு ஒரு வரி. வகுப்பு, பிள்ளையின் பெயர், அப்பா பெயர், லய நம்பர், குறிப்பு.

கிரெப் என்று ஒரு கருவி. தேடுவதற்கு. இது எல்லாருக்கும் தெரிந்தது. ஐ.சி.யில் இருக்கிறபடி பாப்பாத்தி என்று இங்கிலீஷில் அடித்தேன்.

ஒன்றும் வரவில்லை. வெறும் கறுப்பு.

கிரெப்பின் சுபாவம் அரசாங்கக் கவுண்டர் மாதிரி. ஓர் எழுத்து தவறினால் "தியாடா"—இல்லை—என்று சொல்லிவிடும். நம் பெயர்களோ? ஒரு 'ப' போடுவதா, இரண்டா? கடைசியில் ஐ-யா, ஒய்-யா? டைப் பண்ணிய நாலு பேருக்கும் நாலு பழக்கம். ரெஜிஸ்டரை எழுதிய வாத்தியார்களுக்கு இன்னொரு பழக்கம். ஒரு சந்தேகத்தில், அப்பா பெயர்களை மட்டும் பிரித்து வரிசைப்படுத்தி எண்ணச் சொன்னேன். கருப்பன் என்கிற ஒரே பெயர் ஒன்பது விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒன்பது! அதில் ஒன்று வாய்விட்டுச் சொன்னால் இருமல் மாதிரி இருந்தது.

இதற்குத்தான் ஏ-கிரெப் என்று ஒன்று இருக்கிறது. கிரெப்பின் தங்கச்சி. அதிகம் பேருக்குத் தெரியாது. தனியாகக் கொண்டுவந்து போட வேண்டும். இது கொஞ்சம் இரக்கமுள்ளது. எத்தனை பிழை வரைக்கும் மன்னிக்கலாம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். ஓர் எழுத்து கூடினால் ஒரு பிழை. குறைந்தால் ஒரு பிழை. மாறினால் ஒரு பிழை. அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும்.

இரண்டு பிழை வரை மன்னித்துவிடு என்றேன்.

கொட்டியது. பார்வதி, பார்வதி, பார்வதி. அப்புறம் ஒரு வரி—குறிப்புப் பத்தியில், பள்ளித் தோட்டத்தில் பப்பாளி நட்ட விவரம். பப்பாளியின் இங்கிலீஷ் பெயரும் பாப்பாத்திக்கு இரண்டு பிழை தூரத்தில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாப்பாத்தி மட்டும் இல்லை. மூன்று பிழை வரை போனேன். நாலு. அதற்கு மேல் போனால் தோட்டமே வந்து நிற்கிறது.

மன்னிப்புக்கும் ஓர் அளவு இருக்கிறதே. ஆள் அங்கே இல்லையென்றால் எந்தக் கருவி கொண்டுவரும்?

புதன்கிழமை வேலை முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் இன்னும் டெட்டால் வாசனை.

"உங்க பேரு கிடைக்கல அக்கா. அப்பா பேரை வச்சுத் தேடிப் பாப்போமா?"

முகம் சுருங்கியது. "கருப்பன். ஆறாம் நம்பர் லயம்" என்றார். "ஆனா அப்புறம் ஏழுக்கு மாத்திட்டாங்க."

கருப்பனை இரண்டு பிழை மன்னித்துத் தேடினால் குப்பனும் சேர்ந்து வருகிறார். வரட்டும். நாற்பது வரிக்கு மேல். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"முனியம்மா, அப்பா கருப்பன்."

"அது எங்களையெல்லாம் வேல வாங்குற தண்டல் கருப்பன் மக. கெட்டி கொலுசு போட்டிருப்பா."

"ஆறுமுகம், அப்பா குப்பன்."

"அவன் பாம்பு கடிச்சுப் பொழச்சவன். எங்களவிட பெரியவன்."

அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஓர் ஆள் இருந்தது. எனக்கோ கண் எரிகிறது, முதுகு குத்துகிறது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இயந்திரம் மாதிரி படித்துக்கொண்டே போனேன்.

"லெட்சுமி, அப்பா கருப்பன், ஆறாம் நம்பர் லயம், ஒண்ணாவது."

பதில் வரவில்லை.

"லெட்சுமி, கருப்பன், ஏழாம் நம்பர் லயம், ரெண்டாவது. லெட்சுமி, கருப்பன், ஏழு, மூணாவது. தேர்ச்சி."

திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"அது என் அக்கா, மேடம்."

"அப்போ குடும்பம் கிடைச்சிருச்சே!" என்றேன் சந்தோஷமாக.

"அவ ஒண்ணாவதுலயே செத்துப்போச்சு."

எனக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தேன். மூன்று வரி. ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது.

அவர் சொன்னார். ஒன்றரை வயசு மூத்தவள் லெட்சுமி. அவளுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. பள்ளியில் சேர்த்தார்கள். நடு வருஷத்தில் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டாள். பாப்பாத்திக்குப் பத்திரம் இல்லை, சேர்க்க முடியாது. அப்பா ஒரு வாரம் கழித்துப் பாப்பாத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அதே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தார். வாத்தியாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்குத்தானே கஷ்டம்?

"லெட்சுமின்னு கூப்பிடுவாங்க. நான் எந்திரிச்சு 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும். வீட்டுக்கு வந்தா பாப்பாத்தி. மூணு வருஷம் இப்படித்தான். கூப்பிடுறதுதான் அப்படி, புக்குல என் பேரை மாத்தி எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்." நிறுத்தினார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர். "செத்தவ மூணாவது பாஸ் பண்ணியிருக்கா பாருங்க."

நான் போனை எடுத்து மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். முழுவதையும் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கு ஏன் மண்டைய ஒடைச்சுக்கிறீங்க? லெட்சுமிங்கற எடத்துல பாப்பாத்தின்னு மாத்துங்க. பிரிண்ட் எடுங்க. நான் உண்மை நகல்னு சங்கத்து சாப் குத்தித் தாரேன்."

"அண்ணே, அது…"

"அசல் புக்கு எங்க இருக்கு? கரையான் வயித்துல. யாரு வந்து பாக்கப் போறா? அந்த அக்கா படிச்சது நெசந்தானே? நெசத்தத்தான லா எழுதச் சொல்றேன்!"

போனை வைத்தேன். அக்காவிடம் சொன்னேன், அவர் சொன்னதை அப்படியே.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தயங்கி, நியாயம் பேசி, அதன் பிறகு மறுத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அப்படி நடக்கவில்லை. எனக்குச் சோர்வு. வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அம்மா சொல்வது உண்மை என்று தெரியும். மாணிக்கம் சொல்வதில் ஒரு நியாயமும் இருந்தது. செட் என்று ஒரு கருவி இருக்கிறது. ஃபைலைத் திறக்காமலே ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லை வைக்கும். எந்த மூன்று வரி என்றும் சொல்லலாம். ஒரு வரிக் கட்டளை. அடித்துவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி.

"என்ன மேடம் பண்றீங்க?"

"லெட்சுமி பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடுறேன் அக்கா. இதைத் தட்டினா முடிஞ்சிரும்."

"எடுத்துட்டா?"

"ஆமா."

"அப்போ அவ பேரு?"

"இருக்காது."

அக்கா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது.

"வேணாம் மேடம். அத எடுக்காதீங்க."

"உங்களுக்குத்தானே அக்கா…"

"அவ பொறப்பு சூராட்ட வெள்ளம் கொண்டு போயிருச்சு. போட்டோ எடுக்கல. பொதச்ச எடத்துல இப்ப யாரோ வீடு கட்டி இருக்காங்க. அவ பேரு வேற எங்கயும் எழுதியில்ல. நானே இன்னிக்குத்தான் பாக்குறேன்." மூச்சு வாங்கியது. "சின்னதுல ஒருக்கா அவ எடத்துல போய் ஒக்காந்தேன். இன்னொருக்கா வேணாம்."

என்டருக்கு மேலே இருந்த விரலை எடுத்தேன். கட்டளையை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் அழித்தேன். வெட்கமாக இருந்தது. அவருக்கு என்னென்னவோ தெரிந்திருந்தது. எனக்குக் கருவி மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு என்ன செய்வது?

வியாழக்கிழமை முழுக்க வேலைக்கு நடுவே அதே யோசனை. பெயரை விட்டுவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யாராவது இருப்பார்களே? லெட்சுமி என்று கூப்பிட்டபோது எழுந்து நின்றது யார் என்று பார்த்தவர்கள்? அந்த மூன்று வருஷமும் அதே வகுப்பில் இருந்த பிள்ளைகளைப் பிரித்தெடுத்தேன். இருபத்துச் சொச்சம் பெயர். மாணிக்கத்திடம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வாங்கினேன். "சொன்னா கேக்க மாட்டீங்க லா" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார்.

இரண்டு பட்டியலில் பொதுவாக இருப்பதை மட்டும் எடுக்க காம் என்று ஒரு கருவி. அழகாக மூன்று பத்தியில் பிரித்துக் காட்டும். காட்டியது. பொதுவானவர் யாரும் இல்லை! அதுவும் எழுத்துக்கு எழுத்து பார்க்கிற ஜாதிதான். மறுபடியும் ஏ-கிரெப். ஒரு பட்டியலில் இருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து இன்னொன்றில் தேடு, இரண்டு பிழை மன்னி என்று மூன்று வரியில் ஒரு சுற்று எழுதினேன். எட்டுப் பேர் வந்தார்கள். அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஏழு பேர் தெரியாதவர்கள், அல்லது அதே பெயர் கொண்ட வேறு ஆட்கள்.

எட்டாவது அஞ்சலை.

"அஞ்சல இருக்காளா?" என்றார் அக்கா. குரலே மாறிவிட்டது. "எனக்குப் பக்கத்துல ஒக்காந்தவ மேடம்!"

இருந்தார். சிம்பாங் அம்பாட்டில். ஒரு தாமான் முனையில் ஒட்டுக்கடை வைத்து அப்பமும் நாசி லெமாக்கும் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காடியில் பாலத்தைக் கடந்து போனோம். நான் தூங்க வேண்டிய ஒரே நாள் ஞாயிறு. அதைச் சொல்லிக் காட்டாமல் ஓட்டினேன் என்பதை என் சாதனையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலை பருத்த உடம்பு, நரைத்த கொண்டை, நெற்றியில் பெரிய பொட்டு. அப்பச்சட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லெட்சுமி?" என்றார். "ஏய்… நீ லெட்சுமிதானே?"

நாற்பது வருஷத்துக்கு மேலாக யாரும் அக்காவை அந்தப் பெயரில் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

"நான் பாப்பாத்தி, அஞ்சல."

"எந்தப் பாப்பாத்தி? போடி! எனக்குத் தெரியாதா? ஏழாம் நம்பர் லயத்து லெட்சுமி. எங்கிட்ட சிலேட்டுக் குச்சி வாங்கிட்டுத் திருப்பித் தராதவ."

சாட்சி கிடைத்தார். ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் லெட்சுமி! இவரைச் சத்தியம் பண்ணச் சொன்னால், இந்த அம்மா லெட்சுமி என்றுதான் பண்ணுவார். ஐ.சி.யில் பாப்பாத்தி. விஷயம் இன்னும் சிக்கலாகும். அடுப்புப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் யாரென்று கேட்காமலே அஞ்சலை ஓர் அப்பத்தைத் தட்டில் போட்டு என் கையில் கொடுத்தார்.

அக்காதான் நிதானமாகப் பேசினார். "அஞ்சல, யோசிச்சுப் பாரு. ஒண்ணாவதுல மொதல்ல ஒரு லெட்சுமி வந்துச்சு. என்னவிட ஒசரம். ரெட்ட சடை. அது என் அக்கா. காய்ச்சல்ல போயிருச்சு. அப்புறம் வந்தது நானு."

அஞ்சலை கரண்டியைக் கீழே வைத்தார். சட்டியில் அப்பம் தீய்கிற வாசனை வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்தே…" என்றார் மெதுவாக. "வந்தப்ப குட்டையா இருந்தே. நான் எங்கம்மாகிட்ட போய்ச் சொன்னேன். லெட்சுமிக்குக் காய்ச்சல் வந்து குட்டையாயிட்டான்னு. எங்கம்மா என் வாய்ல ஒண்ணு போட்டுச்சு. இத வெளிய பேசாதேன்னு."

"ம்."

"வாத்தியாரு லெட்சுமின்னு கூப்பிடுவாரு. நீ பேசாம ஒக்காந்திருப்பே. காதைத் திருகுவாரு. நாந்தான ஒன் தொடையில கிள்ளி எழுப்பி விடுவேன்?"

"நீதான்."

"அப்போ… அவ செத்தே போச்சா? நெசமாவே வேற புள்ளையா?"

"ஆமா அஞ்சல."

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா, என்ன என்று எனக்குத் தெரியாது. "இத்தினி வருஷமா ஒரே ஆளுன்னு நெனச்சிட்டிருந்தேனே பாவி" என்றார். "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்தார். சத்தியப் பிரமாணம் வாங்குகிற அதிகாரி முன்னால் நின்று நடந்தது நடந்தபடி சொன்னார். முதல் லெட்சுமி, இரண்டாவது லெட்சுமி, கிள்ளியது உட்பட. அதிகாரி கிள்ளியதை மட்டும் எழுதவில்லை. மாணிக்கம் மூன்று வரியும் இருக்கிற பக்கத்துக்கு உண்மை நகல் என்று சாப் வைத்தார். லெட்சுமி, லெட்சுமி, லெட்சுமி. ஓர் எழுத்து மாறவில்லை. "நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றார். போன புதன்கிழமை வரைக்கும் நானும் அவர் கட்சிதானே?

போன வாரம் மனுவைக் கொடுக்க அக்காவோடு நானும் போனேன். அரை நாள் லீவு. நம்பர் வாங்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலி, என் முதுகு—வேண்டாம் விடுங்கள்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தாள். சத்தியப் பிரமாணத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடிக்கு மேலே அக்காவைப் பார்த்து, உங்கள் அக்காவின் பெயரிலா நீங்கள் படித்தீர்கள் என்று மலாயில் கேட்டாள். அக்கா தலையாட்டினார். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை குத்தினாள். ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

எவ்வளவு நாளாகும் என்று நான்தான் கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம், மேலிடத்துக்குப் போக வேண்டும். சிங்கப்பூரில் பிள்ளை பிறக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுந்து நாலு அடி நடந்தோம். அந்தப் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள். கடிதம் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும், அதுவரைக்கும் எங்கேயும் மாறிப் போய்விடாதீர்கள் என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள்.

அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கயும் போகலன்னு சொல்லத்தானே மேடம் இத்தினி பேப்பரு கட்டிக்கிட்டு வந்தோம்… நான் எங்க போயிறப் போறேன்?"